பாதி தெரிந்தவர்களின் பலம்: ராமநாதபுரம் கரையில் படிப்பும் வேலையும்

பட்டப்படிப்பு முடித்த ஒரு பிள்ளையிடம் தங்கச்சிமடத்திலோ திருப்பாலைக்குடியிலோ “அடுத்து என்ன செய்யப் போற?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் பெரும்பாலும் ஒரு ஆளில்தான் தொடங்கும். “திருப்பூர்ல சித்தப்பா இருக்காரு, வரச் சொல்லிருக்காரு.” “மச்சான் ஷார்ஜாவுல இருக்கான், விசா பார்க்குறேன்னான்.” “அக்கா வேலை பார்க்குற ஆஸ்பத்திரியில ஆள் கேட்டிருக்காங்களாம்.”

வேலைக்குப் போகும் பாதை மனிதர்கள் வழியாகத்தான் போகிறது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, பெரிய நகரங்களிலும் அப்படித்தான். ஆனால் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஆட்கள் ஏறக்குறைய ஒரே பக்கமாக இருக்கிறார்கள். சித்தப்பா பனியன் கம்பெனியில் இருந்தால் பிள்ளைக்கும் பனியன் கம்பெனி, அப்பா கடலுக்குப் போனால் பிள்ளைக்கும் கடல், மச்சான் துபாயில் கடை வைத்திருந்தால் அந்தக் கடை. விலங்கியலில் நல்ல மதிப்பெண் வாங்கிய பெண்ணுக்கு, அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு என்னென்ன வேலைக்குப் போகலாம் என்று சொல்ல வீட்டிலும் தெருவிலும் ஆள் இல்லை. திறமை இருந்தும் சேதி வராததால் நின்றுபோகும் பிள்ளைகள் இந்தக் கரையில் நிறையப் பேர். அதனால்தான் எத்தனை பேரைத் தெரியும் என்பதை விட, தெரிந்தவர்கள் எந்தெந்த உலகத்தில் இருக்கிறார்கள் என்பது முக்கியமாகிறது.

நெருக்கம் நிறைந்த கரை

ராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை சுமார் 237 கிலோமீட்டர். வடக்கே தொண்டிப் பக்கம் பாக் விரிகுடா, தெற்கே சாயல்குடி, மூக்கையூர்ப் பக்கம் மன்னார் வளைகுடா. இந்த நீளம் முழுக்க ஊருக்குள் நெருக்கம் அதிகம். ஒரு விசைப்படகுக்கு ஆள் சேர்க்க சம்மாட்டி (படகு முதலாளி) விளம்பரம் கொடுப்பதில்லை. யார் கடலில் தாக்குப்பிடிப்பார், யார் பாதியில் கழன்றுகொள்வார் என்பது ஊருக்கே தெரியும். வலை வாங்கப் பணம் வேண்டுமென்றால் மீன் எடுக்கும் வியாபாரி முன்பணம் தருகிறார். அதற்கு ஆதாரம் பழக்கம்தான். கடலில் ஒரு படகு பிடிபட்டால் விடிவதற்குள் பாம்பன், மண்டபம் என்று எல்லாக் கரையிலும் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். கீழக்கரையில் ஜமாஅத், ஓலைக்குடாவில் தேவாலயப் பங்கு, மற்ற இடங்களில் ஊர்க்கூட்டம். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டுக்கு மூன்று வேளைச் சாப்பாடும் யாரும் சொல்லாமலே போய்ச் சேரும்.

இந்த நெருக்கம் விலை மதிப்பில்லாதது. நகரத்தில் வாடகைக்கு இருந்து காய்ச்சலில் படுத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் புதுச் சேதி என்று வரும்போது இதற்கு ஓர் எல்லை உண்டு. நமக்கு நெருக்கமானவர்கள் அவர்களுக்குள்ளும் நெருக்கமானவர்கள். எனக்குத் தெரிந்தது என் மச்சானுக்குத் தெரியும், மச்சானுக்குத் தெரிந்தது அவன் கூட்டாளிக்குத் தெரியும், அந்தக் கூட்டாளி எனக்கும் கூட்டாளி. அதனால் நூறு பேரிடம் விசாரித்தாலும் அதே நாலு சேதிதான் சுற்றிச் சுற்றி வருகிறது.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்த இடத்தைத்தான் தொட்டது. பாஸ்டன் நகரை ஒட்டிய நியூட்டன் என்ற ஊரில், அண்மையில் வேலை மாறிய படித்த உத்தியோகஸ்தர்களிடம் அவர் விசாரித்தார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தது என்றவர்களிடம், அந்த ஆளை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்தீர்கள் என்று கேட்டார். வாரத்துக்கு இரண்டு முறையாவது பார்ப்போம் என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்போம் என்றவர்கள் 55.6 சதவீதம். ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கும் குறைவு என்றவர்கள் 27.8 சதவீதம். கூடவே இருந்த நண்பர்களை விட, பாதி தெரிந்தவர்கள்தான் வேலைச் சேதி கொண்டு வந்திருக்கிறார்கள். காரணம் எளிது. அவர்கள் வேறு வட்டத்தில் வாழ்கிறார்கள், நம் காதுக்கு வராதது அவர்கள் காதுக்கு வருகிறது.

அவர் விசாரித்தவர்கள் சில நூறு பேர்தான், அதுவும் ஆண்கள் மட்டும். அதனால் ஏறக்குறைய 50 ஆண்டுகள் இது விவாதமாகவே இருந்தது. 2022இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு இதைப் பெரிய அளவில் சோதித்தது. வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் இணையதளத்தில் ‘இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்’ என்று காட்டும் பரிந்துரைகளை ஆளுக்கு ஒரு விதமாக மாற்றிக் காட்டி, 5 ஆண்டுகளில் 2 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்தார்கள். ஓரளவு தெரிந்தவர்கள்தான் வேலை மாற அதிகம் உதவினார்கள் என்று வந்தது. ரொம்ப நெருங்கியவர்களும் அவ்வளவு உதவவில்லை, சுத்தமாக ஒட்டே இல்லாதவர்களும் உதவவில்லை. இன்னொன்றும் தெரிந்தது. கணினி, இணையம் சார்ந்த துறைகளில் பாதி தெரிந்தவர்களின் பலம் கூடுதல். அப்படி இல்லாத துறைகளில் நெருங்கியவர்களே அதிகம் பயன்பட்டார்கள்.

இந்தக் கடைசிச் சேதி நமக்கு மிகவும் தேவையானது. படகுக்கு ஆள் சேர்ப்பதில் உயிரை நம்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது, அங்கே நெருக்கம்தான் சரி. ஆனால் நம் பிள்ளைகள் போக நினைக்கும் அலுவலகம், ஆய்வகம், மென்பொருள் நிறுவனம் எல்லாம் வேறு மாதிரி உறவுகளால் ஆள் எடுக்கும் இடங்கள். கடலுக்குப் போதுமான சொந்தபந்தம் அங்கே போதாமல் போவது பிள்ளையின் குறையல்ல.

சேதி வந்தால் என்ன மாறும்

மீன் தொழிலிலேயே இதற்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது. வட கேரளக் கடற்கரையில் 1997க்குப் பிறகு செல்போன் கோபுரங்கள் ஒவ்வொரு பகுதியாக வந்தன. பொருளாதார அறிஞர் ராபர்ட் ஜென்சன் மத்தி மீன் பிடிக்கும் படகுகளைத் தொடர்ந்து கவனித்து, 2007இல் முடிவுகளை வெளியிட்டார். போன் வருவதற்கு முன் ஒவ்வொரு படகும் தன் கரையிலேயே மீனை இறக்கியது. ஒரு கரையில் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டுவார்கள், சில மைல் தள்ளி இன்னொரு கரையில் மீன் இல்லாமல் வியாபாரி திரும்பிப் போவார். பிடித்த மீனில் 5 முதல் 8 சதவீதம் வரை வீணானது. போன் வந்ததும் கடலில் இருந்தபடியே எந்தக் கரையில் என்ன விலை என்று கேட்டுவிட்டுப் படகைத் திருப்பினார்கள். வீணாவது ஏறக்குறைய நின்றது. மீனவர்களின் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குபவர்களுக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. கடல் அதே கடல், படகும் அதே படகு. சொந்தக் கரைக்கு வெளியே இருந்த ஆளிடம் பேச முடிந்தது, அவ்வளவுதான் மாறியது.

பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய ‘கடல் ஓசை’ 90.4 சமூக வானொலியும் இதே வேலையைத்தான் செய்தது. மீனவர்களுக்காகவே நடத்தப்படும் அந்த வானொலியில் காற்று, கடல் நிலை, தொழில் சேதி எல்லாம் வருகின்றன. பாம்பன் வீட்டுத் திண்ணையில் இருப்பவரும் வானிலைத் துறையின் எச்சரிக்கையும் ஒரே பேச்சுக்குள் வந்துவிடுகிறார்கள். படிக்கும் பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

கலாமைச் சுற்றி இருந்தவர்கள்

ராமேசுவரம் பக்கம் அப்துல் கலாம் பெயரைச் சொல்லாத பள்ளி ஆண்டு விழா கிடையாது. உழைப்பையும் கனவையும் எல்லோரும் சொல்கிறார்கள். அவருக்குச் சேதி கொண்டு வந்தவர்களை வரிசையாக எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு. அவரோ அந்த ஆட்களை நன்றியோடு நினைவுகூர்ந்துகொண்டே இருந்தார்.

முதலில் அகமது ஜலாலுதீன். கலாமை விடச் சுமார் 15 வயது மூத்தவர், ஒப்பந்ததாரர், பின்னால் அக்கா ஜோஹராவை மணந்தவர். அந்தக் காலத்தில் தீவிலேயே ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று கலாம் சொல்லியிருக்கிறார். படித்தவர்கள், கண்டுபிடிப்புகள், மருத்துவம் என்று வெளி உலகத்தைப் பற்றிச் சிறுவனிடம் பேசியவர் அவர். அப்புறம் எஸ்.டி.ஆர். மாணிக்கம். வீட்டில் பெரிய புத்தகச் சேகரிப்பு வைத்திருந்தார், கலாமுக்குப் படிக்கக் கொடுத்தார். உறவினர் சம்சுதீன் செய்தித்தாள் முகவர், பத்திரிகைக் கட்டுகளைப் பிடித்துத் தரும் வேலையைச் சிறுவனுக்குக் கொடுத்தவர். ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் தன் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார். ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் அய்யாதுரை சாலமன் என்ற ஆசிரியர். சென்னையில் எம்.ஐ.டி.யில் சேரப் பணம் இல்லாதபோது ஜோஹரா தன் நகையை அடகு வைத்தார்.

இதில் ரத்த உறவுகள் பணமும் நம்பிக்கையும் தந்தன. புதிய உலகத்தைக் காட்டியவர்களில் பலர் வீட்டுக்கு வெளியே இருந்தவர்கள், வேறு மதத்தவர்களும் உண்டு. இரண்டும் சேர்ந்துதான் ஒரு பிள்ளையைத் தீவிலிருந்து வெளியே கொண்டுபோனது.

இன்னொரு திருப்பம் பெங்களூரில் நடந்தது. அங்கே பாதுகாப்புத் துறை நிறுவனத்தில் ‘நந்தி’ என்ற மிதவை வாகனத்தை (ஹோவர்கிராஃப்ட்) உருவாக்கிக்கொண்டிருந்தார் கலாம். ஒருநாள் தாடி வைத்த ஒருவர் பார்க்க வந்து, நிறையக் கேள்வி கேட்டு, அதில் பயணமும் செய்தார். அவர் இயற்பியலாளர் எம்.ஜி.கே. மேனன். ஒரு வாரத்தில் விண்வெளி ஆய்வுக்கான தேசியக் குழுவிலிருந்து ராக்கெட் பொறியாளர் பதவிக்கான நேர்காணல் அழைப்பு வந்தது. நேர்காணலில் விக்ரம் சாராபாயோடு மேனனும் இருந்தார். ஒருநாள் பார்த்துப் பேசிய ஆள், வேறொரு துறையின் வாசலைத் திறந்துவிட்டார். காட்டுவதற்கு நந்தி இருந்தது, பார்க்க வந்தவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லக் கலாமுக்குத் தெரிந்திருந்தது. அது இல்லாமல் அந்தச் சந்திப்பு வெறும் கைகுலுக்கலாக முடிந்திருக்கும். தொடர்பா திறமையா என்று பட்டிமன்றம் நடத்துபவர்களுக்கு இந்த ஒரு சம்பவம் போதும்.

கீழக்கரைக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதாகப் படாது. கடல் கடந்து வியாபாரம் செய்வது அந்த ஊருக்குப் பல தலைமுறைப் பழக்கம். அங்கே பிறந்த பி.எஸ். அப்துர் ரகுமான் இலங்கை, ஹாங்காங் என்று வியாபாரம் செய்து, 1970களில் துபாயில் ஈ.டி.ஏ. நிறுவனத்தைக் கட்டியெழுப்பினார். அந்த நிறுவனம் வழியாக வளைகுடாவுக்குப் போன தமிழர்கள் ஏராளம். ‘சபர்’ (வெளிநாட்டுப் பயணம்) போன ஒரு காக்கா (அண்ணன்), அடுத்து ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்வார், அவர் இன்னொருவரை. அந்தப் பணத்தில் வந்தவைதான் இன்று கீழக்கரையில் இருக்கும் பல கல்விக்கூடங்கள். ஒரு சிறிய ஊர் வெளியுலகத்தோடு உறவு வைத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது.

பழைய உறவு இழுத்துப் பிடிக்கும்போது

தொடர்பு என்றாலே நல்லது என்று முடித்துவிட முடியாது. மும்பை தாதர் பகுதிப் பள்ளிகளில் கைவான் முன்ஷி, மார்க் ரோசன்ஸ்வைக் இருவரும் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆலை, தொழிற்சாலை வேலைகளைச் சாதிக்காரர்கள் வழியாகவே வாங்கிக் கொடுத்துப் பழகிய சமூகங்களில், ஆண் பிள்ளைகள் மராத்தி வழிப் பள்ளியிலேயே தொடர்ந்தார்கள். ‘நம்மாட்கள் வேலை வாங்கித் தருவார்கள்’ என்ற நிச்சயம் அவர்களை அங்கேயே நிறுத்தியது. அந்த வலையமைப்பில் இடமே இல்லாத பெண் பிள்ளைகள் ஆங்கில வழிக்கு மாறினார்கள், 1990களில் திறந்த புதிய வேலைகளை நோக்கிப் போனார்கள். பையன்களுக்கு உதவியதே அவர்களைக் கட்டிப்போட்டது. நம் கரையில் பிளஸ் டூவோடு நிறுத்திவிட்டுப் படகுக்கோ விசாவுக்கோ காத்திருக்கும் தம்பிகளையும், அதே வீட்டில் பட்டம் வாங்கும் தங்கைகளையும் பார்த்தவர்களுக்கு இது ரொம்பப் பழக்கமான காட்சி.

ஆனால் அந்தத் தங்கைக்கு அடுத்த படியில் வேறு சிக்கல் காத்திருக்கிறது. ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் நடந்த ஒரு சோதனையில், வேலைக்கு வந்தவர்களிடம் ‘உங்களுக்குத் தெரிந்த தகுதியான ஒருவரைச் சொல்லுங்கள்’ என்று கேட்டார்கள். ஆண்கள் பெரும்பாலும் ஆண்களையே சொன்னார்கள், தகுதியான பெண்களைத் தெரிந்திருந்தும். டீக்கடையில், ஏலக்கூடத்தில், வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் வேலைச் சேதி நம் ஊரிலும் பெண்கள் காதுக்குக் கடைசியாகத்தான் போகிறது. இது தானாகச் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. யாராவது கவனமெடுத்துப் பெண் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

பாம்பன் சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆன பிறகு, காலங்காலமாக முங்கிப் பாசி எடுத்தவர்களுக்குத் தடைகளும் அபராதமும் வந்தன. தனித்தனியாக நின்றபோது யாரும் பேசக்கூட வரவில்லை. கூட்டமைப்பாகச் சேர்ந்ததும் வனத்துறையோடும் அறிவியலாளர்களோடும் தொண்டு நிறுவனங்களோடும் பேசத் தொடங்கினார்கள். மாதத்தில் குறிப்பிட்ட நாட்கள் மட்டும் பாசி எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடும் வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு வழங்கும் விருதைப் பெற்றார். அதிகாரிகளின் அறைக்குள் சொந்தக்காரர் யாரும் இல்லாத பெண்கள், தாங்களே அந்த உறவைக் கட்டினார்கள்.

ஆபத்தும் தெரிந்தவர் வழியாகவே வரும். 2022இல் தமிழக இளைஞர்கள் உட்படப் பலர், தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போய் மியான்மர் எல்லையில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கினார்கள். வெளிநாட்டு வேலை என்று யார் சொன்னாலும், முகவர் மத்திய அரசின் ‘இ-மைகிரேட்’ தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்ப்பது அவரை அவமானப்படுத்துவது ஆகாது. சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். சந்தேகம் இருந்தால் தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத் துறையிடம் கேட்கலாம்.

சிபாரிசு வேறு, இது வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். தகுதி பார்க்காமல் ஒரு இடத்தைப் பிடித்துக் கொடுப்பது சிபாரிசு, அதில் தகுதியுள்ள வேறொரு பிள்ளை இடத்தை இழக்கிறது. ஒரு இடம் காலியாக இருக்கிறது என்று சொல்வது, அந்த வேலையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று விளக்குவது, ‘இந்தப் பிள்ளையை ஒருமுறை பாருங்கள்’ என்று சொல்லிவிட்டு முடிவை அவர்களிடம் விடுவது, இவற்றால் யாருக்கும் நஷ்டமில்லை. “யார் காலிலும் விழ மாட்டேன்” என்று ரோஷத்தோடு ஒதுங்கும் நல்ல பிள்ளைகள் இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் பாதிக் கூச்சம் போய்விடும்.

எங்கே தொடங்குவது

சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்த்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் மண்டபத்தில் இருக்கிறது. 1970களின் தொடக்கம் வரை அந்த நிறுவனத்தின் தலைமையகமே அங்கேதான் இருந்தது. இந்தியாவில் கோபியா மீனை வளர்ப்பில் இனப்பெருக்கம் செய்ய வைத்த முதல் வெற்றி 2010இல் அங்கே கிடைத்தது. கடற்பாசி வளர்ப்பு ஆராய்ச்சிக்கும் மண்டபத்தில் தனி நிலையம் இருக்கிறது. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இயங்குகிறது. திருவாடானை வட்டம் வளமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா வருகிறது. இந்த இடங்களில் வேலை செய்பவர்கள் நாம் ஏறும் அதே பஸ்ஸில் ஏறுகிறார்கள், அதே கடையில் மீன் வாங்குகிறார்கள். ஆனால் மண்டபத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த நிலையத்தில் இருக்கும் ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்டிருப்பார்கள்? கல்லூரி ஆசிரியர்கள் இறுதி ஆண்டுத் திட்ட வேலைக்கு நாலு பிள்ளைகளை அங்கே அனுப்பினால், அந்த நாலு பேரும் நாற்பது பேருக்கு வழி சொல்வார்கள்.

கல்லூரிக்கு ஒருநாள் பேச வந்த வங்கி மேலாளர், ‘நான் முதல்வன்’ பயிற்சிக்கு வந்த பயிற்சியாளர், இரண்டு வருஷம் மூத்த சீனியர், மாவட்ட நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் அண்ணன். பாதி தெரிந்தவர்கள் என்று நான் சொல்வது இவர்களைத்தான். இவர்களிடம் எப்படிப் பேசுவது என்பதில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். “அண்ணே, ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க” என்ற ஒரு வரிச் சேதியை அந்த அண்ணனால் ஒன்றும் செய்ய முடியாது. என்ன படிப்பு, என்ன வேலை, எந்த ஊர் என்று எதுவும் அதில் இல்லை. கீழே இருக்கிற மாதிரி எழுதினால் பதில் வர வாய்ப்பு உண்டு:

“வணக்கம் சார். ராமநாதபுரத்தில் விலங்கியல் இறுதி ஆண்டு படிக்கிறேன். போன பிப்ரவரியில் எங்கள் கல்லூரிக்கு வந்து மீன் குஞ்சு வளர்ப்பு பற்றிப் பேசினீர்கள். அதற்கப்புறம் கோபியா பற்றி நானே தேடிப் படித்தேன். மேற்கொண்டு மீன்வளம் படிப்பதா, பொரிப்பகத்தில் பயிற்சிக்குச் சேர்வதா என்று முடிவெடுக்க முடியவில்லை. 10 நிமிடம் பேச நேரம் தருவீர்களா? இந்த வாரம் எந்த நாள் சாயங்காலமானாலும் எனக்குச் சரி.”

யார், எங்கே பார்த்தோம், நான் என்ன முயற்சி செய்தேன், எனக்கு என்ன தெரிய வேண்டும், எவ்வளவு நேரம். இவ்வளவு இருந்தால் எதிரே இருப்பவருக்குப் பதில் சொல்வது சுலபம். வேலை கேட்காமல் விளக்கம் கேட்டதால் அவருக்குச் சங்கடமும் இல்லை. பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். பேசிய பிறகு அவர் சொன்னதைச் செய்துவிட்டு, “நீங்கள் சொன்னபடி விண்ணப்பித்தேன், இடம் கிடைத்தது” என்றோ “கிடைக்கவில்லை, அடுத்து இதைச் செய்கிறேன்” என்றோ இரண்டு வரி எழுத வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் விட்டுவிடுவது இந்தக் கடைசி வேலையைத்தான். உதவி செய்தவருக்குத் தன் பேச்சு என்ன ஆனது என்று தெரிந்தால்தான் அடுத்த பிள்ளைக்கும் நேரம் ஒதுக்குவார்.

‘என்னிடம் கொடுக்க என்ன இருக்கிறது?’ என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். நிறைய இருக்கிறது. கடற்பாசி பற்றி ஆராய வரும் வெளியூர் மாணவருக்கு மோர்ப்பண்ணையில் யாரைப் பார்க்க வேண்டும், எந்தக் காற்றுக் காலத்தில் வள்ளம் போகாது என்று சொல்ல நம் பிள்ளைக்குத் தெரியும். அது எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத அறிவு. அப்படி உதவி பெற்ற ஆராய்ச்சி மாணவர் நாளைக்கு ஒரு ஆய்வகத்தில் இருப்பார்.

வேலைக்குப் போனவர்களுக்கு

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்குப் புது ஆட்களைத் தேடி அலைய நேரமில்லை. அவர்களுக்கு வேறொரு சொத்து இருக்கிறது: தொடர்பு விட்டுப்போன பழைய ஆட்கள். 2011இல் டேனியல் லெவினும் உடன் ஆய்வாளர்களும் நிறுவன மேலாளர்களிடம், குறைந்தது 3 ஆண்டு பேசாத பழைய சகாக்களைக் கூப்பிட்டு இப்போதைய வேலைச் சிக்கலுக்கு யோசனை கேட்கச் சொன்னார்கள். தினமும் பார்ப்பவர்கள் சொன்னதை விட அந்த யோசனைகள் புதிதாக இருந்தன, பழைய நம்பிக்கையும் தேயாமல் இருந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்த ஆள் வேறு எங்கெங்கோ போய் வேறு எதையெதையோ கற்றிருக்கிறார் அல்லவா? பத்தாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இப்போது ஓசூரில் தொழிற்சாலை மேற்பார்வையாளராகவோ மதுரையில் செவிலியராகவோ இருக்கலாம். ‘இத்தனை வருஷம் பேசாமல் இப்போது எப்படிக் கூப்பிடுவது’ என்ற தயக்கம் இரண்டு பக்கமும் இருக்கும். கூப்பிட்டால் எதிர்முனையில் கிடைப்பது அநேகமாகச் சந்தோஷம்தான்.

வெளியூரில் இருக்கும் நம் மாவட்டத்துக்காரர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுக் குடும்பங்களில் அப்பாக்களும் அண்ணன்களும் கரையில் இருக்கும் மாதங்கள் அவை. பிளஸ் டூ முடிவு வருவதும், கல்லூரியில் சேர்வதும், பட்டம் முடித்தவர்கள் வேலை தேடத் தொடங்குவதும் அதே நாட்களில்தான். வெளியூரில் இருப்பவர்கள் லீவுக்கு ஊர் வருவதும் மே மாதத்தில்தான். அந்த நாட்களில் ஒரு சாயங்காலம், பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ மூன்று நான்கு பேர் உட்கார்ந்து தங்கள் வேலையைப் பற்றிப் பேசினால் போதும். மேடை, சால்வை எதுவும் வேண்டாம். முதல் சம்பளம் எவ்வளவு, என்ன தேர்வு எழுத வேண்டியிருந்தது, ஹாஸ்டலுக்கு என்ன செலவானது, பெண் பிள்ளைகளுக்கு அங்கே பாதுகாப்பு எப்படி என்று உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். பெற்றோரும் அதைக் கேட்க வேண்டும், ஏனென்றால் மகளை அனுப்புவதா என்று முடிவெடுப்பது அவர்கள்தான். பேசியவர்களில் ஒருவராவது பெண்ணாக இருந்தால், கூட்டம் முடிந்ததும் அம்மாக்கள் அவரைச் சுற்றி நின்று மேடையில் கேட்க முடியாததையெல்லாம் கேட்பார்கள். போகும்போது பிள்ளைகளிடம் போன் எண்ணைக் கொடுத்து, எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்பதையும் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.